தசரா லீவில் ஆப்பிள் தோட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் தில்லியிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆப்பிளைப் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி: அம்மா, என் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது. ஆப்பிள் என்றால் ஸ்டிக்கர் ஒட்டிக் கடையில் அடுக்கியிருப்பதுதான் தெரியும். மரத்தில் தொங்குவதைக் காட்ட வேண்டும். தசரா லீவில் சிம்லா போனால் பார்க்க முடியுமா? மாமியாரும் வருகிறார். 68 வயது, முழங்கால் வலி. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது, இதுவரை எங்கேயும் கூட்டிப் போகவில்லை.

முதலில், மாமியாரையும் சேர்த்துக் கேட்டீர்களே, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

சிம்லா ஊருக்குள் தேடாதீர்கள். மால் ரோட்டில் நடந்துவிட்டு, "ஆப்பிளே காணோமே" என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தியோக் தாண்டி நார்கண்டா வரை போக வேண்டும். சிம்லாவிலிருந்து 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து பிரதான சாலையை விட்டுத் திரும்பிக் கீழே இறங்கினால் தானேதார், கோட்கட். இருபுறமும் படிக்கட்டு போல வெட்டிய சரிவுகளில் ஆப்பிள் மரங்கள்தான்.

ஆனால் தேதி விஷயத்தில் கவனம். தசரா ஒரு வருடம் அக்டோபர் பிறந்த உடனே வரும், இன்னொரு வருடம் அக்டோபர் 24, 25 வரைகூடத் தள்ளிப் போகும். மரம் நம் லீவைப் பார்த்துப் பழுப்பதில்லை. தாழ்வான இடத்தில் ஜூலையிலேயே பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கோட்கட் பக்கம் ஆகஸ்டும் செப்டம்பரும்தான் மும்முரம். மேலே போகப் போகத் தாமதமாகும். கின்னூரில் அக்டோபரிலும் பறிப்பார்கள். ஆகவே அக்டோபர் முதல் வாரம் என்றால் நார்கண்டாவைச் சுற்றி உயரத்தில் இருக்கும் தோட்டங்களில் கடைசிப் பழங்கள் கிடைக்கலாம். தங்கப் போகும் வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து, "பேட் மே சேப் ஹை?" (மரத்தில் ஆப்பிள் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூன்றாவது வாரம் என்றால் கோட்கட் மரங்களில் மஞ்சள் இலைதான் மிச்சமிருக்கும். அப்போது கின்னூரில் கல்பா, சாங்லா வரை போக வேண்டும். கல்பா கிட்டத்தட்ட 2,750 மீட்டர் உயரம். தில்லியிலிருந்து போவதற்கே முழுதாக இரண்டு நாள். மாமியாரை வைத்துக்கொண்டு அந்தப் பாதை வேண்டாம் என்பேன்.

என்னைக் கேட்டால் பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு செப்டம்பர் மூன்றாவது வாரம் போங்கள். மழை குறையும் நேரம், பறிப்பும் நடந்துகொண்டிருக்கும். ஆகஸ்டில் போக வேண்டாம். மண் சரிந்து சாலை அடைபடும், தியோக் பக்கம் ஆப்பிள் லாரிகள் வேறு வரிசை கட்டி நிற்கும்.

காலையில் புது தில்லியில் சதாப்தி ஏறினால் மதியத்துக்குள் கால்கா. அங்கிருந்து கார். கால்கா–சிம்லா பொம்மை ரயில் (1903இல் ஓடத் தொடங்கியது, 96 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள்) பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஐந்து மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டும். அப்பாவும் பிள்ளைகளும் ரயிலில் வரட்டும், நீங்களும் மாமியாரும் காரில் போய்விடுங்கள். முதல் ராத்திரி சிம்லாவில் தங்கி, மறுநாள் காலை நார்கண்டா. பர்வாணூ தாண்டியதும் வளைவுகள் தொடங்கும், வயிறு புரட்டும். நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு சின்ன டப்பாவில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை போதும்.

அப்புறம், மாமியாரைச் சரிவில் இறக்காதீர்கள். காலையில் புல் நனைந்திருக்கும், இளசுகளுக்கே வழுக்கும். ரோட்டோரம் தகரக் கொட்டகை ஒன்று இருக்கும், பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் இடம். ஒரு நாற்காலி கேட்டு அங்கே உட்கார வையுங்கள். தோட்டத்திலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். நேபாளத்திலிருந்து வந்த ஆட்கள் கில்டா என்கிற கூம்புக் கூடையை முதுகில் சுமந்து மேலே ஏறி வருவார்கள். பழத்தைக் கவிழ்க்கும்போது ஒரு சத்தம் கேட்காது, அவ்வளவு பதமாகச் சாய்ப்பார்கள். எக்ஸ்ட்ரா லார்ஜ், லார்ஜ், மீடியம், ஸ்மால் என்று பழம் பிரிந்துகொண்டே போகும். எல்லாவற்றிலும் சின்னதுக்குப் பெயர் பிட்டு. இந்தப் பெயரைக் கேட்டதும் என் அம்மா, "நம்ம பிட்டா!" என்று முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அரிசி மாவில் பிட்டு அவிப்பதைக் கையாலேயே செய்துகாட்டினார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அன்று மத்தியானம் முழுவதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் வசதியான வீட்டில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இங்கே வந்தார். கோட்கட்டிலேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டார். 1916 வாக்கில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து நட்டவர் அவர். அதற்கு முன்பே குலுவில் ஆங்கிலேயர்கள் ஆப்பிள் வளர்த்தார்கள்தான், ஆனால் அது புளிப்பு. கோட்கட் மக்களை ஆப்பிள் பக்கம் திருப்பியது இந்த இனிப்பு ரகம். ஒத்துழையாமை இயக்கத்தில் சிறைக்கும் போனார். பிறகு சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவர் கட்டிய கோயில் தானேதாரில் இருக்கிறது, போய் வாருங்கள்.

முனீர்காவிலிருந்து ஒரு வாசகர்: தோட்டத்தில் நாமே பறித்துச் சாப்பிடலாமா? காசு கேட்பார்களா? போன முறை ஒரு தோட்டக்காரர் எங்களைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

அவர் விடாததற்குக் காரணம் இருந்திருக்கும், தம்பி. நான் தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 29 வருடம் வேலை பார்த்தேன், அதில் ஆறு வருடம் சிம்லா நிலையத்தில். அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு அப்போது நான்கு வயது. கோட்கட் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு கையாலும் ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தான். பழம் வந்தது, கூடவே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கிளையும் முறிந்து வந்தது. தோட்டத்து அம்மா அவனை ஒன்றும் சொல்லவில்லை. கிளையை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுருக்கம் சுருக்கமாக, கட்டை விரல் மாதிரி தடித்த குச்சி. நுனியில் ஒரு மொட்டு, மேலே பஞ்சு போல மெல்லிய ரோமம். "இது அடுத்த வருஷத்துப் பழம்," என்றார். படித்த படிப்பில் எனக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த வருடப் பழம் தொங்கும்போதே அடுத்த வருடப் பூமொட்டு பக்கத்தில் உருவாகிவிடும். ஆனால் அதை உடைந்த நிலையில் என் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது. ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சம்பாத்தியம் முழுவதும் அந்த மொட்டுகளில் இருக்கிறது. அந்த அம்மா பழத்தை என் மகனிடமே கொடுத்தார். எனக்குத்தான் அன்று முழுக்கத் தாங்கவில்லை.

ஆகவே கேட்டுவிட்டுப் பறியுங்கள். உள்ளங்கையைப் பழத்துக்கு அடியில் கொடுத்து, ஆள்காட்டி விரலைக் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் வையுங்கள். பழத்தை மேல்பக்கமாகத் தூக்கி லேசாகத் திருப்பினால் காம்போடு கையில் வந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது இன்னும் ஆகவில்லை. காம்பு பிய்ந்த பழம் சீக்கிரம் அழுகும், விலையும் போகாது.

மரத்தடியில் நின்றபடியே கடிக்க வேண்டாம். "ஸ்ப்ரே கப் கியா?" (மருந்து எப்போது அடித்தீர்கள்?) என்று கேளுங்கள். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. சரியாகச் சொல்வார்கள். எப்படியும் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

காசு? சாப்பிட்ட ஒன்றிரண்டுக்குப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு பெட்டி வாங்கிவிடுங்கள். 2024 முதல் ஹிமாசலில் 20 கிலோ பெட்டி கட்டாயம். முன்பெல்லாம் ஒரே பெட்டியில் 25, 30 கிலோ வரை திணித்து அனுப்புவார்கள், விலை மட்டும் பெட்டிக் கணக்கில். விவசாயிகள் பல வருடம் போராடி வாங்கியது இது. 20 கிலோ அதிகம் என்றால் உங்கள் பிளாக்கில் நான்கு வீடு சேர்ந்து பிரித்துக்கொள்ளலாம்.

தோட்டத்தை மூடிய வெள்ளை வலைகளைப் பார்த்து, போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆலங்கட்டி மழைக்காகப் போட்ட வலை அது. பத்து நிமிட ஆலங்கட்டியில் ஒரு தோட்டமே போய்விடும். தயவுசெய்து விலக்கிப் பார்க்காதீர்கள்.

ஜனக்புரியிலிருந்து ஒரு வாசகி: தோட்டத்திலிருந்தே வாங்கி வந்த ஆப்பிள் பத்து நாளில் மாவாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? மேலே வெள்ளையாக வேறு இருந்தது.

ஏமாற்றவில்லை அம்மா. ரெட் டெலிஷியஸ், அங்கே ராயல் என்று சொல்வது, அதன் குணமே அப்படி. தில்லி செப்டம்பர் வெயிலில் சமையலறைக் கூடையில் வைத்தால் மாவாகத்தான் ஆகும். பறித்த பிறகும் பழம் மூச்சு விடும், எத்திலீன் வாயு விடும், அதில் தானே பழுத்துக்கொண்டே போகும். வீடு வந்த அன்றே பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் கீரை வைக்காதீர்கள், மஞ்சளாகிவிடும். அடிபட்டதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

வெள்ளையாக இருந்தது மருந்தாகவும் இருக்கலாம், பழத்தின் மேல் இயற்கையாகப் படியும் மெழுகாகவும் இருக்கலாம். கழுவித் துடைத்து, பருத்திப் புடவைத் தலைப்பால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி இருந்த தோல் அப்படியே பளபளவென்று வரும். அந்தப் பளபளப்பு பழத்தின் சொந்த மெழுகு.

பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை, குறுக்கே வெட்டிய ஆப்பிளின் மேல் தடவினால், மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும். காயாக இருந்தால் பெரும்பகுதி கறுக்கும், பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். எந்த நாள் பறிக்கலாம் என்று நாங்கள் தோட்டத்தில் பார்த்ததும் இதே சோதனைதான். அந்தத் துண்டைச் சாப்பிடாமல் போட்டுவிட வேண்டும்.

ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு வாசகி: வீட்டில் கொலு. ஒன்பது நாளும் விளக்கேற்ற வேண்டும், தசராவில் வெளியூர் கிடையாது. ஆசாத்பூர் மண்டிக்காவது பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். லாரியும் தள்ளுவண்டியும் நெருக்கித் தள்ளும் இடம், சின்னப் பிள்ளைகளின் கையை விட்டால் போச்சு. கொலு முடிந்து அக்டோபர் கடைசியில் நாலு நாள் கிடைத்தால் ஸ்ரீநகர் போங்கள், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஷோபியானில் ஆப்பிள் பறிப்பு முடிகிற சமயம், சினார் மரங்கள் சிவந்திருக்கும், பாம்போரில் குங்குமப்பூ பூக்கத் தொடங்கியிருக்கும். அப்போது குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

நொய்டாவிலிருந்து, இரண்டாம் வகுப்பு மாணவியின் அப்பா: மகள் ஆப்பிள் விதையைத் தொட்டியில் போட்டு ஒரு மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். முளைக்கவில்லை. முளைக்குமா?

தொட்டியில் அப்படியே போட்டால் முளைக்காது. குளிர்காலம் ஒன்று கழிந்தால்தான் விதை விழிக்கும். புதிதாக ஏழெட்டு விதை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாரம் ஒரு முறை துணி காய்ந்துவிட்டதா என்று அவளே பார்க்கட்டும். இரண்டரை, மூன்று மாதத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், அப்போது மண்ணில் வைக்கலாம்.

விதையிலிருந்து வரும் மரம் தாயைப் போலப் பழம் தராது, அதனால்தான் தோட்டத்தில் ஒட்டுக் கன்று. ரெட் டெலிஷியஸ் தில்லியில் காய்க்காது, அதற்கு நீண்ட குளிர் வேண்டும். வெப்பத்திலும் காய்க்கிற ரகம் ஒன்று உண்டு, ஹிமாசலின் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்-99. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பால்கனித் தொட்டிக்கு அதுவும் பெரிய மரம். தரை இருக்கும் ஊர் வீட்டுக்கு அதன் ஒட்டுக் கன்றை வாங்கிக் கொடுங்கள்.

விதையை இப்போதே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜனவரியில் தெரிந்துவிடும். எத்தனை முளைத்தது என்று அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.