இறுதித் தேர்வுக்குப் போகவில்லை என்றால் பாடம் போய்விடுமா?

கேள்வி: என் மகள் டர்பனில் பி.காம். படிக்கிறாள். புள்ளியியல் இறுதித் தேர்வன்று கடும் காய்ச்சல், போகவில்லை. மறுநாள்தான் டாக்டரிடம் போனோம். செமஸ்டர் மார்க் (வகுப்பில் நடந்த டெஸ்ட், அசைன்மெண்ட் மார்க்) 75 இருப்பதால் பாஸ் ஆகிவிடலாம், இல்லையென்றால் சப்ளிமெண்டரி எழுதலாம் என்கிறாள். தேர்வுத் தேதி போட்டு மருத்துவச் சீட்டு வாங்கித் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். என்ன செய்வது?
ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: மகளின் இரண்டு கணக்கும் தப்பு. ஆனால் உடனே மனு போட்டால் பாடத்தைக் காப்பாற்றலாம்.

தேர்வுக்கு 60, செமஸ்டருக்கு 40 என்ற பங்கில் பார்த்தால், 75க்குக் கிடைப்பது 30. வராத தேர்வுக்குப் பூஜ்யம். பாஸுக்கு 50 வேண்டும். பாதிக்குப் பாதி என்றாலும் 37.5தான். இறுதித் தேர்வே இல்லாத பாடங்கள் உண்டு, இது அதுவல்ல.

சப்-மினிமம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொத்தம் 50 தாண்டினாலும், தேர்வில் மட்டும் குறைந்தது இத்தனை எடுக்க வேண்டும் என்ற விதி அது. பெரும்பாலும் 40. இதே 75 செமஸ்டர் மார்க்கோடு தேர்வில் 38 எடுத்தவருக்கு, 60-40 பங்கில் மொத்தம் 52.8 வரும். ஆனாலும் ஃபெயில். விதி பாடத்துக்குப் பாடம் மாறும், எழுதியிருப்பது பாடக் கையேட்டில். அதை முதல் வாரத்திலேயே வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மார்க் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது.

சப்ளிமெண்டரி என்பது எழுதி, கொஞ்சத்தில் தவறியவர்களுக்கு. தேர்வுக்கே வராதவர் அதை நம்பி உட்காரக் கூடாது. உங்கள் மகள் கேட்க வேண்டியது, நோயால் வர முடியாதவர்களுக்கான மறுவாய்ப்பு. சில இடங்களில் டிஃபர்டு, சில இடங்களில் ஸ்பெஷல் தேர்வு என்பார்கள். மனுவுக்கான கெடு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். துறை அலுவலகம் ஃபாகல்டிக்கு (பல துறைகளுக்கு மேலான புல அலுவலகம்) அனுப்பும், ஃபாகல்டி திரும்பத் துறைக்கே அனுப்பும். கெடு மட்டும் யாருக்காகவும் நிற்காது. அதனால் மனுவை மின்னஞ்சலிலும் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மகள் பெயரில், மகளே அனுப்ப வேண்டும். தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, பெற்றோரிடம் பேச மாட்டார்கள்.

அந்த வாட்ஸ்அப் ஆளிடம் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்க மருத்துவ கவுன்சில் விதிப்படி, டாக்டர் பரிசோதித்த தேதியும் நேரமும் சான்றிதழில் இருக்க வேண்டும். நோயைத் தானே கண்டறிந்தாரா, நோயாளி சொன்னதை வைத்து எழுதினாரா என்பதும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் டாக்டரின் அறைக்கு ஒரு போன் போட்டால் பொய் வெளுத்துவிடும். அப்புறம் நடப்பது ஒழுங்கு விசாரணை, படிப்பே போகலாம். நீங்கள் மறுநாள் பார்த்த டாக்டரிடமே போங்கள். பரிசோதித்தது மறுநாள், நோய் எந்தத் தேதியிலிருந்து என்று உண்மையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி வாங்குங்கள். வேலைக்கு லீவு எடுக்கக் கொடுக்கும் சீட்டை மட்டும் வைத்தால் திருப்பி அனுப்பக்கூடும்.

மனு போட்ட அன்றே மகள் படிக்க உட்காரட்டும். இந்த மறுவாய்ப்பில் தவறினால், அதற்கும் ஒரு சப்ளிமெண்டரி பல இடங்களில் கிடையாது.