கவுனி அரிசிக் கார்பன் புள்ளிகள் மங்கலாக ஒளிர்கிறதா?

செட்டிநாட்டுக் கவுனி அரிசியில் செய்த கார்பன் புள்ளிகள் (புற ஊதா ஒளியில் ஒளிரும் நுண்ணிய கார்பன் துகள்கள்) மங்கலாக ஒளிர்வதாகவும், காரைக்குடிக் கிணற்று நீரில் இரும்பின் அளவை நாளுக்கொரு விதமாகக் காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து, நைட்ரஜன் குறைவு; ஒளி மங்க அது காரணமாகலாம். ஒப்பிட்டுப் பார்க்க, சிட்ரிக் அமிலத்துடன் நைட்ரஜன் உள்ள எத்திலீன் டைஅமீன் சேர்த்து நீரில் கரைத்து, ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலனில்) 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வையுங்கள். நீல ஒளி பளிச்சென்று வரும்.

அடுத்து டயாலிசிஸ், அதாவது கரைசலை நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டு நீரில் வைத்துச் சுத்தம் செய்வது. இதில் அவசரமே கூடாது. உடன் கலந்திருக்கும் சிறு மூலக்கூறுகளும் ஒளிர்ந்து அளவைக் கெடுக்கும். புற ஊதா விளக்கில் பைக்கு வெளியே உள்ள நீர் ஒளிர்வது நிற்கும்வரை அந்த நீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இரும்பு சேர்ந்தால் புள்ளிகளின் ஒளி குறையும்; அதை வைத்தே இரும்பை அளக்கிறோம். ஆனால் ஃபெரிக் அயனி (நீரில் கரைந்த இரும்பின் ஒரு வடிவம்) தானே புற ஊதாக் கதிரை உறிஞ்சும். ஆகவே ஒளி குறைந்ததை மட்டும் வைத்து இரும்பு புள்ளியோடு பிணைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவான உறிஞ்சுதிறன் 0.1க்குக் கீழே வரும்வரை அதை நீர்க்கச் செய்து அளவெடுங்கள். பஃபராக (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலாக) பாஸ்பேட் வேண்டவே வேண்டாம், இரும்பை வீழ்படிவாக்கிவிடும். அமிலத்தன்மையுள்ள அசிடேட் பஃபர் நல்லது.