பழைய கம்ப்யூட்டரில் 4கே மானிட்டர்: மவுஸ் ஏன் திணறுகிறது?

கேள்வி: குடியாத்தத்தில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் 27 அங்குல 4கே மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்திருக்கிறேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. படம் தெளிவாக இருந்தாலும் மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டு நகர்கிறது. வேலூரில் விசாரித்தால் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. அவற்றை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க ஏறக்குறைய 12 கிகாபிட் தரவு செல்ல வேண்டும். உங்கள் மதர்போர்டில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4, அதன் வழியே 8 கிகாபிட்டுக்குச் சற்று மேல்தான் படத்தரவு செல்லும் என்பதால், 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 முறையாகக் குறைத்தே அனுப்புகிறது. அதனால்தான் மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டு நகர்கிறது. விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினாலும் இந்த வரம்பு மாறாது.

முதலில் சிபியூவின் பின்புறம் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டப்பட்ட செவ்வகத் துளை அது. அலுவலகங்களிலிருந்து விற்பனைக்கு வரும் டெஸ்க்டாப்புகள் பலவற்றில் இருக்கும். உங்கள் ப்ராசஸர் அதன் வழியே 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தரவல்லது. இருமுனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக உள்ள கேபிளையே வாங்குங்கள். மலிவான எச்டிஎம்ஐ மாற்றியைச் செருகினால் பெரும்பாலும் மீண்டும் 30 ஹெர்ட்ஸே கிடைக்கும். இணைத்த பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே அது தென்படாவிட்டால், மானிட்டரின் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்று மாற்றிப் பாருங்கள்.

அந்தத் துளை இல்லையென்றால், எச்டிஎம்ஐ 2.0 உள்ள ஜிடி 1030 போன்ற சிறிய கிராபிக்ஸ் கார்டு போதும். அது சுமார் 30 வாட் மின்சாரமே எடுப்பதால் பவர் சப்ளையை மாற்றத் தேவையில்லை. உங்கள் சிபியூ பெட்டி ஒல்லியானதாக இருந்தால், உயரம் குறைந்த பிராக்கெட்டுடன் வரும் கார்டைக் கேட்டு வாங்குங்கள். விசிறி இல்லாத வகையும் உண்டு என்றாலும், வேலூர்ப் பக்கத்துக் கோடை வெயிலுக்கு விசிறி உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். கார்டைப் பொருத்தியபின் கேபிளை அதிலேயே செருக வேண்டும். பழக்கத்தில் மதர்போர்டின் துளையிலேயே செருகிவிட்டால் பழைய நிலைதான் தொடரும்.

எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிந்தால் அதே டிஸ்ப்ளே செட்டிங்கில் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதமாக வையுங்கள். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்கள் இதற்கு ஒத்துழைப்பதில்லை. எழுத்து மங்கலாகத் தெரியலாம். உங்கள் வேலை பெரும்பாலும் அவற்றில்தான் என்றால், திரையின் ரெசல்யூஷனையே 2560 × 1440 ஆகக் குறைத்துவிடலாம். படத்தின் கூர்மை சற்றுக் குறைந்தாலும், இப்போதுள்ள எச்டிஎம்ஐ வழியாகவே 60 ஹெர்ட்ஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம். செலவில்லாத வழி என்பதால் இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம்.