பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் ஏன் எரிகிறது?

கேள்வி: ஜீப்புக்குப் பின்னால் டிபன் கடை டிரெய்லரை இழுத்துப் போகிறோம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, பிரேக் மிதித்தால் டிரெய்லரின் பார்க் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகின்றன. பல்பு மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: பல்பின் மேல் குற்றமில்லை, எர்த் (கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) போய்விட்டது. 21/5 வாட் பல்புக்குள் பிரேக்குக்கு ஓர் இழை, பார்க் லைட்டுக்கு ஓர் இழை. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த வழி அடைபட்டால், பிரேக் கரன்ட் மற்ற இழைகள் வழியாகப் பின்னோக்கி ஓடி, ஜீப்பின் விளக்குகளில் எர்த்தைத் தேடும். மங்கல் வெளிச்சம் அதனால்தான்.

ஜீப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீள ஒயர் ஒன்றை இழுத்து டிரெய்லர் விளக்கின் எர்த்தில் தொடுங்கள். கோளாறு மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒயருக்குள் பத்து செம்பு இழை அறுந்து ஒரே இழை மிஞ்சினாலும் அது பீப் அடிக்கும். பிரேக்கை மிதித்தபடி, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம்.

ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் வட்டமான 7 பின் பிளக்கில் 3ஆம் எண்தான் எர்த். முறைப்படி வெள்ளை ஒயர். நம் ஊர் பட்டறைகளில் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள், எண்ணையே பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் பின்னைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு தெரியும். சுரண்டிவிட்டு, 2.5 சதுர மி.மீ. ஒயரை அங்கிருந்து டிரெய்லரின் சேஸிஸுக்கு (இரும்புச் சட்டத்துக்கு) கொண்டுபோங்கள். போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கச் செய்து, ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கொக்கியின் குண்டு வழியாக எர்த் வருகிறது என்று விட்டுவிடக் கூடாது. அதில் கிரீஸ் இருக்கும். பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் தொடர்பு அறுபடும்.

கேள்வி: டிரெய்லரோடு யு-டர்ன் எடுக்கும்போது மட்டும் பார்க் லைட் பியூஸ் போகிறது. பெரிய பியூஸ் போடலாமா?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: வேண்டவே வேண்டாம், ஒயர் தீப்பிடிக்கும். திரும்பும்போது டிரெய்லர் கேபிள் இழுபட்டோ நசுங்கியோ சேஸிஸைத் தொடுகிறது. வண்டியை நிறுத்தி, பியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பை ஒயரால் இணையுங்கள். பார்க் லைட்டைப் போட்டால் பல்பு மங்கலாக எரியும். ஒருவர் கேபிளைக் கொக்கியிலிருந்து பின்பக்கம் வரை அசைத்துக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் பளிச்சென்று எரிகிறதோ, அங்கேதான் தோல் உரிந்திருக்கும். பெரும்பாலும் சேஸிஸ் ஓட்டையில், ஒயரைக் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லாத இடத்தில்.