விக்டர் பெத்ரோவ்: ஓர் உக்ரைன் நாவலாசிரியரைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: விக்டர் பெத்ரோவ், வி. தோமொன்தோவிச், விக்டர் பேர் என்று மூன்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. மூவரும் ஒருவர்தானா?

பதில்: ஒருவரேதான். 1894 அக்டோபரில், இன்று தினிப்ரோ எனப்படும் நகரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஆய்வுகளுக்குச் சொந்தப் பெயரையும், புனைவுக்குத் தோமொன்தோவிச் என்பதையும், வரலாற்றுத் தத்துவக் கட்டுரைகளுக்கு விக்டர் பேர் என்பதையும் வைத்துக்கொண்டார். 1918இல் கீவ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து, 1920களில் அனைத்து உக்ரைன் அறிவியல் கழகத்தின் இனவரைவியல் ஆணையத்தில் பணியாற்றினார்.

கேள்வி: ஐயா, இலக்கிய வரலாற்றாசிரியர் ஒருவர் நாவலும் எழுதினால் இரண்டில் ஒன்று கெட்டுவிடாதா?

பதில்: பெத்ரோவிடம் ஒன்று மற்றொன்றுக்கு உரமாயிற்று. 1929இல் வெளிவந்த ‘அலீனாவும் கொஸ்தொமாரோவும்’ நூலையே பாருங்கள். வரலாற்றாசிரியர் மிக்கோலா கொஸ்தொமாரோவ் 1847இல், சிரில் மெத்தோடியஸ் சகோதரத்துவம் என்ற இரகசிய அமைப்பின் வழக்கில், தம் திருமணத்துக்கு முந்தைய நாள் கீவில் கைதானார். மணப்பெண் அலீனா பின்னர் வேறொருவரை மணந்து, விதவையானார். 28 ஆண்டுகள் கழித்து, 1875இல்தான் இருவரும் மணம்புரிந்துகொண்டார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் காதலும் தியாகமுமாகக் கண்ணீர் வடித்திருப்பார்கள். பெத்ரோவோ, அந்தத் தலைமுறையினர் புத்தகங்களில் படித்த காதலை வாழ்ந்து பார்க்க முயன்ற விதத்தைக் கடிதங்களிலிருந்தும் நினைவுக் குறிப்புகளிலிருந்தும் சற்றே குறும்போடு எடுத்துக்காட்டுகிறார். அடுத்த ஆண்டு வந்த ‘குலீஷின் காதல்கள்’ நூலிலும் இதே முறைதான். எழுத்தாளர் பந்தெலெய்மொன் குலீஷின் 1850களைப் பற்றித்தான் அவர் முனைவர் பட்ட ஆய்வேட்டையே எழுதினார் என்பதால், ஆய்வேட்டுக்குள் அடங்காதது நாவலுக்குள் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘டாக்டர் செராஃபிகுஸ்’ என்பேன். 1920களின் இறுதியில் எழுதப்பட்டு, 1947இல் மியூனிக்கில்தான் அச்சேறியது. அதன் நாயகன் கொமாகா பருத்த உடலும் கூச்சமும் கொண்ட பேராசிரியர். பூங்கா இருக்கையில் அறிமுகமாகும் ஐந்து வயதுச் சிறுமியோடு மட்டும் அவருக்கு இயல்பாகப் பேச வருகிறது. பெண்ணின் துணையில்லாமலே குழந்தை மட்டும் வேண்டும் என்று அவர் மெய்யாகவே ஆசைப்படுகிறார். முதலில் சிரிப்பு வரும். சில பக்கங்கள் தாண்டினால், புத்தகங்களுக்கு நடுவே உயிர்வாழ்க்கையை விட்டுவிட்ட ஒரு மனிதரின் வெறுமை நெஞ்சில் தைக்கும்.

அடுத்து ‘மண் இல்லாமல்’ படியுங்கள். 1942–43இல் தொடராகவும் 1948இல் நூலாகவும் வந்தது. அண்மையில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பழைய தேவாலயம் ஒன்றைக் காப்பாற்றும் கூட்டத்துக்காகச் சொந்த ஊர் திரும்பும் கலை நிபுணர், அங்கே கிளம்பும் விவாதத்தைவிட ஒரு பாடகியின் மேல்தான் அதிக நாட்டம் கொள்கிறார். 1932இல் திறக்கப்பட்ட தினிப்ரோ அணையால் ஆற்றின் புகழ்பெற்ற பாறை வீழ்ச்சிகள் நீரில் மூழ்கிய காலம் அது. ஊர் இருக்கிறது, அவர் வளர்ந்த ஊர் இல்லை. இந்த நாவலுக்கு ஈடாக அவருடைய வேறொன்றையும் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: நியோகிளாசிக் கவிஞர்களோடு அவருக்கு என்ன தொடர்பு?

பதில்: நெருங்கிய நட்பு. நியோகிளாசிக்குகள் என்போர் 1920களில் கீவில் இயங்கிய ஒரு கவிஞர் குழுவினர். அக்குழுவின் தலைமகன் மிக்கோலா ஸேரோவும் பாவ்லோ ஃபிலிப்போவிச்சும் 1937 நவம்பரில் வடமேற்கு ரஷ்யாவின் சந்தர்மோக் காட்டில் சோவியத் ஆட்சியால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்குழுவின் மிஹாய்லோ த்ராய்-ஹ்மாரா 1939இல் கொலிமா என்ற சோவியத் சிறை முகாமில் இறந்தார். பெத்ரோவ் பல ஆண்டுகளாக உள்ளூர நேசித்தது ஸேரோவின் மனைவி சோஃபியாவை. அவர் விதவையாகி இருபது ஆண்டுகள் சென்ற பிறகு, 1957இல், இருவரும் மணந்துகொண்டார்கள். கொஸ்தொமாரோவின் கதையை எழுதியவரே பின்னர் அவரைப்போல் நெடுங்காலம் கழித்து மணந்துகொண்டார் என்பதை மறந்துவிட்டு அந்த நூலைப் படிக்க என்னால் முடிவதில்லை.

கேள்வி: அவர் சோவியத் உளவாளி என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது கார்கிவில் ‘உக்ரயின்ஸ்கி ஸாஸிவ்’ என்ற இலக்கிய இதழை நடத்தினார். போருக்குப் பின் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த எழுத்தாளர்களின் ‘மூர்’ அமைப்பில் முன்னின்றார். 1949 ஏப்ரலில் மியூனிக்கிலிருந்து ஒரு நாள் காணாமற்போனார். கொலை என்று நண்பர்கள் துக்கம் காத்தார்கள்; குற்றம் ஒருவர் மேல் ஒருவர் சுமத்தப்பட்டது. சில ஆண்டுகளில் மாஸ்கோவிலும், 1956 முதல் கீவிலும் தொல்லியல் ஆய்வாளராக அவர் பெயர் அச்சில் தென்பட்டது. 1965இல் சோவியத் அரசின் தேசபக்திப் போர் விருது கிடைத்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்னும் விசித்திரமானது, சோவியத் ஆட்சி அழித்த உக்ரைன் பண்பாட்டாளர்களைப் பற்றி அவர் மேற்கில் எழுதிய நூல் 1959இல் நியூயார்க்கில் வெளியானது. அதே ஆண்டில் அதன் ஆசிரியர் கீவில் அரசு நிறுவனத்தில் உட்கார்ந்து மண்பாண்டத் துண்டுகளை ஆய்ந்துகொண்டிருந்தார்!

கேள்வி: அப்படியென்றால் நாவல்களிலும் உளவாளியின் மறைபொருள் இருக்குமா?

பதில்: இந்த வகை வாசிப்பு எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. அவரது முதல் நாவலான ‘கரடிப் பொம்மையோடு ஒரு பெண்’ 1928இல், போருக்கு வெகு முன்பே வந்தது. எதையும் முழுமையாக நம்பாத, எந்த மண்ணிலும் கால் ஊன்றாத ஆண்கள் அதிலேயே இருக்கிறார்கள். உளவு வேலையைப் பின்னால் வைத்து நாவலைப் பார்க்காமல், நாவலை முன்னால் வைத்து வாழ்க்கையைப் பார்ப்பது நேர்மையானது.

கேள்வி: நாடு திரும்பிய பிறகு அவர் கதை எழுதவில்லையா?

பதில்: 1969இல் இறக்கும் வரை தோமொன்தோவிச் என்ற பெயரில் புதிய நாவல் எதுவும் வெளிவரவில்லை. ஸ்கித்தியர்கள் என்ற பண்டைய நாடோடி மக்களின் மொழி, ஸ்லாவியரின் தோற்றம் ஆகியவற்றிலேயே பெத்ரோவ் மூழ்கியிருந்தார். புனைவுகளை மூன்று தொகுதிகளாக 1988–89இல் நியூயார்க்கில் பதிப்பித்தவர், மியூனிக்கில் அவரோடு பழகிய மொழியியலாளர் யூரி ஷெவெலோவ்.