பொம்மை மானை வைத்தால் ப்ராங்ஹார்ன் கிடா வருமா?

கேட்டவர் என்னைப் போலவே வயோமிங்கில் முதல் முறை குலுக்கலில் வேட்டை லைசென்ஸ் விழுந்து, வில்லும் கையுமாக நிற்பவர் போலிருக்கிறது. ப்ராங்ஹார்ன் என்பது அமெரிக்கப் புல்வெளியில் வாழும், மான் போன்ற விலங்கு. பொம்மைக்கு அதன் கிடா வரும். வராமலும் போகும். எனக்கு இரண்டும் நடந்தது.

திட்ட வருபவர்களுக்கு முதலில் ஒன்று. முறையாகப் பணம் கட்டி, தின்பதற்காகப் போன வேட்டை இது. "பொம்மையைக் காட்டி ஏமாற்றுவதா?" என்றால், சங்க காலத்து வேடர்களே பழக்கிய மானைக் கட்டி வைத்துத்தான் காட்டு மானை வரவழைத்தார்கள். அந்த மானுக்குப் 'பார்வை' என்று பெயரே உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் மூன்றாம் வாரம், வயோமிங்கின் கேஸ்பர் நகருக்குக் கிழக்கே, உள்ளூர்க்காரரான அலுவலக நண்பரோடு போனேன். முதல் நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பொம்மையை நட்டுவிட்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஈ காக்கை வரவில்லை. நண்பர் சிரித்தார். பெட்டைகளோடு நிற்கும் கிடாவை நாம்தான் தேடிப் போய், அதன் கண்ணெதிரே பொம்மையைக் காட்ட வேண்டுமாம். அதுவும் சின்னக் கொம்புள்ள இளங்கிடா பொம்மையாக இருக்க வேண்டும். 'இந்தப் பொடியன் என் இடத்துக்குள் வந்துவிட்டானா' என்று கோபம் வரும். பெரிய கொம்பைப் பார்த்தால் சில கிடாக்கள் பின்வாங்கிவிடும்.

மறுநாள் ஒரு கிடாவைக் கண்டு, அதை நோக்கிக் காய்ந்த ஓடைக்குள் தவழ்ந்தே போனோம். கிடாவின் கண் அவ்வளவு கூர்மை, அந்தப் பொட்டல்வெளியில் தலையைத் தூக்கினாலே கதை முடிந்தது. முழங்காலெல்லாம் கள்ளி முள். 150 கஜம் இருக்கும்போது நண்பர் பொம்மையை மெல்ல நிமிர்த்தினார். கிடா ஒரு நிமிடம் முறைத்தது. அப்புறம் பின்புறத்து வெள்ளை மயிர் சிலிர்க்க நேராக ஓடி வந்தது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு அது. நான் தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்திருந்தேன், வில்லை இழுக்கவே இல்லை! 25 கஜத்தில் வந்து நின்றது. இழுத்தேன், பார்த்துவிட்டது, போய்விட்டது. பொம்மையைத் தூக்கும் முன்பே அம்பு நாணில் இருக்கட்டும்.

அன்று மாலை நண்பர் அதே பொம்மையில் ஒன்றை வீழ்த்தினார். பாதி இறைச்சி எனக்கு. நாறும் என்பவர்கள் உடனே தோலை உரித்து ஐஸில் வைக்காதவர்கள். மிளகுச் சுக்கா அருமையாக வந்தது.  

சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் போனபோது துப்பாக்கி சீசன் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் பொம்மையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். கிடா மட்டுமல்ல, தூரத்தில் ஸ்கோப் வழியாகப் பார்ப்பவரும் அதை நிஜம் என்று நம்புவார்.