அவர் பார்த்த வேலையைச் சொல்லுங்கள்

வணக்கம் மேடம்,

எங்கள் வார்டில் முன்பு கவுன்சிலராக இருந்தவர் போன மாதம் இறந்துபோனார். தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே நான், ‘அஞ்சு வருஷம் பதவியில் இருந்து இவர் என்ன செய்தார்?’ என்று கேட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமா? அரசியல்வாதிகளுக்கு அஞ்சலி செலுத்துவதே போலித்தனம் இல்லையா? மெரினாவில் இத்தனை நினைவிடங்கள் தேவையா? என் அம்மாவே அவர் வீட்டு வாசலில் போய் நின்று அழுதுவிட்டு வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் கேட்டது தப்பா?

எஸ்., வியாசர்பாடி, சென்னை

அன்புள்ள எஸ்.,

மெரினா கேள்வியை விட்டுவிடுகிறேன். கருணாநிதியை அங்கே அடக்கம் செய்வது பற்றி 2018 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. போலித்தனம் என்கிறீர்கள். இருக்கும். மாலையோடு வருகிறவர்களில் பாதிப்பேர் கேமராவுக்காக வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அதனால் மீதிப்பேருடைய துக்கம் பொய்யாகிவிடாது. அதையும் விடுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அம்மாவைப் பற்றிய வரிதான். அவர் ஏன் அழுதார்? கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டதாக எங்குமே இல்லை. ‘ஆச்சரியமாக இருந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஒரு குழு முழுவதையும் பார்த்து ‘இவர் என்ன செய்தார்’ என்று கேட்கத் தெரிந்த உங்களுக்கு, பதில் தெரிந்த ஒருத்தர் அதே வீட்டில் இருக்கும்போது அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன் தம்பி. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இறந்துபோன அரசியல்வாதியைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் நீங்கள் பதில் வேண்டிக் கேட்கவில்லை, அடிப்பதற்காகக் கேட்டீர்கள். அதுவும் உடலை எடுப்பதற்கு முன்பே. அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் குழுவில் இல்லாமலா இருப்பார்கள்? காரியம் முடியும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

சரி, திட்டியாயிற்று. இதைப் பற்றி நான் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். தலைவர்களுக்கு நாம் அஞ்சலி செலுத்தும் விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அவர்கள் பார்த்த வேலையை நாம் சொல்வதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை மட்டும் மாற்றி அச்சடிப்பதுபோல எல்லாருக்கும் ஒரே வாசகம்: மக்கள் தொண்டர், ஏழைகளின் தோழர், எளிமையின் சிகரம். இந்த எளிமை என்கிற புகழ்ச்சியைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

கக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 23 அவருடைய நினைவு நாள். ஒவ்வொரு வருடமும் அன்று என் போனுக்கு வருகிற செய்திகள் எல்லாம் ஒன்றேதான்: மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார். உண்மைதான். படிக்கும்போது மனம் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் இதை அனுப்புகிறவர்களிடம் கக்கன் எந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடாத மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். 1957-லிருந்து 1967 வரை பத்து வருடம் இந்த மாநிலத்தின் அமைச்சர். பொதுப்பணித் துறை, விவசாயம், கடைசியில் உள்துறை. மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், 1963-ல் உள்துறையைக் கையில் வைத்திருந்தார். இதைப் பேச நமக்கு வாய் வருவதில்லை. அவர் கையில் காசில்லாமல் இறந்ததைப் பேச மட்டும் வருகிறது. அவருடைய நிர்வாகத்தைப் பேசினால் அவரை நம்மை ஆண்டவராக ஒப்புக்கொள்ள வேண்டும். பரிதாபப்படுவதில் அந்தச் சிரமம் இல்லை.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமா என்று கேட்டீர்கள். இதே கக்கன் உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான் 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. பிள்ளைகள் செத்தார்கள். அவருக்கு எழுதும் அஞ்சலியில் அதுவும் வர வேண்டும். அது இல்லாவிட்டால் 1967-ல் அவர் ஏன் தோற்றார் என்பதே படிக்கிறவருக்குப் புரியாது. வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் நல்லதும் கெட்டதும் தன்னால் சேர்ந்துதான் வரும்.

அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று கடற்கரை வரை அமைதிப் பேரணி போகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவர் ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருமணச் சட்டம், அதற்கு முன்னால் ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சொன்னது. பேரணியில் நடக்கிற எத்தனையோ பேருடைய தாத்தா பாட்டி கல்யாணம் அதில் அடக்கம். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்த மாநகராட்சித் தலைவர் தியாகராயர் பெயரில்தான் தி.நகர் இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க அங்கே போகிற நமக்கு அந்தச் சாப்பாடு தெரியாது.

இதில் சத்தியமூர்த்திக்கு நடப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பேச்சாளர், காமராஜரின் குரு, சத்தியமூர்த்தி பவன் என்று ஒரு கட்டடம். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. 1939-ல் அவர் சென்னையின் மேயர். அப்போது செங்குன்றம் ஏரி ஊருக்குப் போதவில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்ட வேண்டும் என்று மாநகராட்சி மன்றத்திலும் அரசாங்கத்திடமும் விடாமல் நின்றார். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டது, அதன் நடுவிலேயே 1940-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அவரைக் கைது செய்து தூரத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிற அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பியவர், 1943 மார்ச் 28 அன்று பொது மருத்துவமனையில் இறந்தார். அணை திறந்தது 1944-ல். அவர் அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

இன்றைக்குப் பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வந்தபோது, வந்து சேர ஓர் இடம் இருந்தது, அது பூண்டிதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வருடம் முழுக்கத் தொலைக்காட்சியில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று தினமும் அளவு சொன்னார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். இருந்தும் அந்தப் பேச்சில் அவர் பெயர் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை. மார்ச் 28 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் ‘நீங்கள் குடிக்கிற தண்ணீரில் இவர் பங்கு இருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதாதா? வடசென்னையில் குழாய் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அது புரியுமே.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். நான் வளர்ந்தது புளியந்தோப்பில். எங்கள் தெருவில் ஒருவரை எல்லாரும் ‘கவுன்சிலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவர் கவுன்சிலர் இல்லை. 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அப்புறம் 1996 வரை இந்த ஊருக்குத் தேர்தலே கிடையாது. 23 வருடம் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மன்றத்தோடு அவர் பதவியும் போனது. சம்பளம் இல்லை, அதிகாரம் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பு இல்லை. ஆனால் காலையில் ஆறு மணிக்கே அவர் வீட்டுத் திண்ணையில் ஜனம் உட்கார்ந்திருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும், அடிபம்பில் சாக்கடை வாடை வருகிறது, பையனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுப்பார். யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் போனால் அந்த அதிகாரி சீட்டில் இருப்பார் என்று சொல்லி அனுப்புவார். அவர் சொல்படி போனால் காரியம் நடக்கும் என்று இல்லை, ஆனால் அலைச்சல் பாதியாகும்.

என் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கேட்டபோது வயதுக்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டிக்குத் தன் வயது எப்படித் தெரியும்? இவர் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி, அதை மனுவோடு குத்தி, தாலுகா ஆபீஸில் தானே உட்கார்ந்து கொடுத்துவிட்டு வந்தார். பாட்டி சாகும்வரை அந்தப் பணம் வந்தது. மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருந்தாள்.

அவர் போனபோது தெருமுனையில் ஒட்டிய போஸ்டரில் ‘தியாகச் செம்மல்’ என்று இருந்தது. கீழே ஒட்டியவர்களின் பெயர் வரிசையாக. இரங்கல் கூட்டத்தில் கட்சிக்காரர்கள் அவர் எந்தத் தலைவரோடு எந்த மாநாட்டில் நின்றார் என்று பேசினார்கள். மனுக்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. பாட்டி அந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள், கடைசி வரிசையில் அழுதுகொண்டே நின்றாள். மேடையில் இருந்தவர்கள் யாரும் அவளைக் கூப்பிட்டு ‘நீ சொல்லும்மா’ என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவரைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் எல்லாம் கீழே நின்றிருந்தார்கள் என்று இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

சட்டமன்றத்தில் முன்னாள் உறுப்பினர் மறைந்தால் சபாநாயகர் இரங்கற்குறிப்பு வாசிப்பார்: பெயர், தொகுதி, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அந்தக் குறிப்போடு, அவர் அவையில் தன் தொகுதிக்காகக் கேட்ட ஒரு கேள்வியையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவை நடவடிக்கைகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. ஒரு அலுவலர் ஒரு மதியம் உட்கார்ந்தால் எடுத்துவிடலாம். ஒன்றுமே கேட்காதவர் என்றால் அதுவும் தெரிய வரட்டும்.

குழுவில் யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அம்மாவிடம் உட்காருங்கள். எந்த வருடம், என்ன பிரச்சினை, அவரிடம் யார் முதலில் போனார்கள், நடந்ததா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மா சொல்கிற ஆட்கள் இன்னும் அந்தத் தெருவில் இருந்தால் அவர்களிடமும் போங்கள். அவர் கைவிட்ட வேலைகள், வாக்குக் கொடுத்து ஏமாற்றியவை இருந்தால் அவற்றையும் விடாமல் கேளுங்கள்; உங்கள் கோபத்துக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும், அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு பக்கம் வந்தாலும் போதும், எனக்கு அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.